கட்டியை எடுங்கோ, பையை விடுங்கோ

முதலில் காட்டிய டொக்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்கான் படத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். வயது கேட்டார், முப்பத்தெட்டு என்றேன். பிள்ளைகள் எத்தனை என்றார், இல்லை என்றேன். படத்தை உறைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டே, "அப்ப எடுத்துப்போடுவம்" என்றார்.

"எதை டொக்டர்?"

"கர்ப்பப்பையைத்தான். உள்ளை முழுக்கக் கட்டி. வைச்சு என்ன செய்யப் போறியள்?"

கடைக்குப் போய்ப் பழசான கதிரையைக் காட்டினால் கூட, காலை மாற்றலாமா, பின்னலை மாற்றலாமா என்று ஒரு முறை குனிந்து பார்ப்பார்கள். எனக்குக் காது சூடேறிவிட்டது. "பிள்ளை இல்லை எண்டுதான் சொன்னனான் டொக்டர். வேண்டாம் எண்டு சொல்லேல்லை" என்றேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த என் கணவர் மேசைக்குக் கீழே என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். சண்டைக்குப் போகாதே என்று அர்த்தம். நான் போகவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

எனக்கு இருந்த வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு வந்தால் நிற்காது. வருவதும் சும்மா வருவதில்லை, கட்டி கட்டியாகக் கொட்டும். நல்லூரில் ஒரு கந்தோரில் எனக்கு வேலை. அந்த நாட்களில் கறுப்புச் சீலை, கைப்பைக்குள் இன்னொரு கறுப்புச் சீலை, கதிரையில் நான்காய் மடித்த துவாய். எழும்பும்போது முதலில் கதிரையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன். நாரி உளைவு வேறு, இடுப்பை நிமிர்த்த முடியாது. படி ஏறினால் நெஞ்சு அடிக்கும். இணுவிலிலிருந்து நல்லூருக்கு ஸ்கூட்டியில் போகும் சின்னத் தூரத்துக்குள் ஒரு நாள் கண் இருட்டி, வேலி ஓரமாக நிறுத்திவிட்டு ஹாண்டிலில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன். போனவர்கள் எல்லாரும் போன் கதைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

முப்பத்து நாலு வயதில் எனக்குக் கலியாணம். ஏன் அவ்வளவு பிந்தியது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் அதற்கு ஆயிரம் காரணம் வைத்திருப்பார்கள், அதில் ஒன்று கூட என்னுடையது இல்லை. கலியாணமாகி அடுத்த வருடம் வயிற்றில் ஒன்று தங்கி, மூன்றாம் மாதம் கரைந்து போனது. அப்போது எடுத்த ஸ்கானில்தான் கட்டிகள் இருப்பது முதலில் தெரிந்தது. கரைந்துபோன பிள்ளைக்காக நான் அழுததை விட, என் பிள்ளைக்கு இருக்க வேண்டிய இடத்தில் இந்தச் சனியன்கள் கால் நீட்டிக்கொண்டு இருக்கின்றனவே என்று கொதித்ததுதான் கூட.

எங்கள் ஒழுங்கையில் பாதிப் பெண்களுக்குப் பை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எடுத்துப்போட்டு நிம்மதியா இருமன் பிள்ளை. என்னைப் பாரும், உளைவும் இல்லை, துடக்கும் இல்லை, நினைச்ச நேரம் கோயிலுக்குப் போறன்" என்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு கனடாவில். அதைச் சொல்ல வாய் உன்னியது. அம்மா பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அம்மாவின் வீடு, எனக்குச் சீதனமாக வந்தது. கணவர் தோட்டக்காரர். வெங்காயம், பீற்றூட், கரட் என்று காலத்துக்குத் தக்க மாதிரி வைப்பார். எத்தனை தரம் கழுவினாலும் நகத்துக்குள் செம்மண் இருக்கும். அதிகம் கதைக்காத மனிதர். இந்த விஷயத்தில் அவர் கதைத்தது ஒரே ஒரு வசனம்தான். "எனக்கு நீர் காணும்."

நான் ஒருத்தி போதுமாம். சொல்லக் கேட்க எவ்வளவு நல்லாக இருக்கிறது பாருங்கள். எனக்கு அந்த வசனத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "உங்களுக்குக் காணும். எனக்குக் காணாது. என்ரை வயித்துக்குள்ளை இருக்கிறதைப் பற்றி எனக்கல்லோ தெரியோணும்" என்பேன். அவர் மண்வெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

இரண்டாவதாகக் காட்டிய டொக்டர் பெண். என் வயதை விடப் பத்து வயது கூட இருக்கும். படத்தை நீளப் பார்த்தார், என் வயிற்றை அமத்திப் பார்த்தார். பிறகு ஸ்கான் உறையின் பின்புறத்தில் பேனையால் ஒரு பையைக் கீறி, அதற்குள்ளும் வெளியிலும் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார்.

"இது புற்றுநோய்க் கட்டி மாதிரித் தெரியேல்லை. நார்க்கட்டி. இஞ்சை சுவருக்குள்ளை ஒண்டு இருக்கு, தோடம்பழம் அளவு. இது உள்ளுக்குத் தள்ளிக்கொண்டு நிக்கிறது, சின்னன்தான், ஆனா இரத்தத்தைக் கொட்ட வைக்கிறது இதுதான். மற்றது ரெண்டு மூண்டு வெளியிலை. பையை வெட்டித் திறந்து, பலாப்பழத்திலை சுளை எடுக்கிற மாதிரி ஒவ்வொண்டா எடுத்துப்போட்டு, திரும்பப் பையைத் தைக்கலாம்."

"அப்ப பை இருக்கும்?"

"இருக்கும். கட்டி திரும்ப முளைக்காது எண்டு எழுதித் தரமாட்டன். ஆனா பை இருக்கும்."

வெட்டாமல் செய்கிற வேறு வழி இருக்கிறதா என்று கணவர் கேட்டார். தொடைக்குள்ளால் இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைத்து, அதைச் சுருங்க வைக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும் என்றார். "ஆனா பிள்ளை வேணும் எண்டு நிக்கிற ஆளுக்கு நான் முதல்லை அதைச் சொல்லமாட்டன்" என்றார்.

எனக்கு அந்த மனுஷியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. அவர் விடவில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னார். "முதலாவது, உங்களுக்கு இரத்தம் ஏழுதான் கிடக்கு. இதோடை நான் கத்தி வைக்கமாட்டன். பத்துக்கு மேலை வரோணும். இரும்புச்சத்துக் குளிசை தாறன். இரத்தப்போக்கை நிப்பாட்டி வைக்க வேறை குளிசை தாறன். அதை மூண்டு நேரமும் சாப்பிட்டிட்டு விடாமப் போடோணும். விட்டீங்களோ, உடைச்சுக்கொண்டு வரும்."

"மற்றது?"

"வெட்டேக்கை இரத்தம் கட்டுக்கடங்காமப் போனா, நான் பையை எடுத்துப்போடுவன். உங்களைச் சாகவிட்டிட்டுப் பையை வைச்சிருக்கேலாது. நேரம் இருந்தா வெளியிலை வந்து உங்கடை மனுசனிட்டையும் சொல்லிப்போட்டுத்தான் செய்வம். இதுக்குச் சம்மதம் எண்டாத்தான் நான் செய்வன்."

சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்ல?

இரத்தத்தை நிறுத்தும் அந்தக் குளிசை எனக்குப் பழக்கமானதுதான். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாருக்குத்தான் பழக்கமில்லை? நல்லூர்த் திருவிழா வந்தால், வீட்டில் கலியாணம் வந்தால், நாளைத் தள்ளிப்போட விழுங்கும் அதே குளிசை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கோயில் குளிசை. அது மருந்து என்ற நினைப்பு யாருக்கும் இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

ஆனால் குளிசை வேலை செய்தது. இரத்தம் நின்றது. கணவர் தோட்டத்திலிருந்து தினமும் பீற்றூட் கொண்டுவந்து குசினிக்குள் போட்டார். பீற்றூட் கறி, பீற்றூட் சம்பல், பீற்றூட் சாறு. ஒரு கட்டத்தில் "பீற்றூட் எண்டு இன்னொருக்காச் சொன்னியள் எண்டா வீட்டை விட்டுப் போயிடுவன்" என்று கத்தினேன். அவர் அடுத்த நாள் முருங்கையிலை கொண்டுவந்தார். திரும்ப இரத்தம் பார்த்தபோது ஒன்பதைத் தாண்டியிருந்தது. டொக்டர் சிரித்தார். அதற்குள் பத்து வந்துவிடும் என்று சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

அந்த நாளுக்கு முன்னால் ஐப்பசியில் கந்தசட்டி வந்தது.

பிள்ளை வேண்டுமென்று இருக்கிற பெண் சட்டி விரதம் பிடிப்பது எங்களுக்குள் யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். ஆறு நாள். பகலில் ஒன்றும் இல்லை, பின்னேரப் பூசைக்குப் பிறகு பாலும் பழமும். அம்மா ஒரு நாள் குசினிக்குள் வந்து நின்று, "இவ்வளவு நாளும் டொக்டர்மாரைப் பாத்தாச்சு. ஆறு நாள் முருகனையும் பாப்பமே பிள்ளை" என்றார்.

வாசலில் கால் கழுவிக்கொண்டு நின்ற கணவர் உள்ளே வந்தார். "அவவுக்கு உடம்பிலை இரத்தம் இல்லை. விரதமோ மாமி? டொக்டரிட்டைக் கேட்டனீங்களோ?"

"தம்பி, உதுக்குள்ளை நீர் வராதேயும். ஆறு நாள் சாப்பிடாட்டி ஒருத்தரும் சாகிறேல்லை."

நான் இடையில் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் அம்மா விட்டிருப்பார். நான் சொல்லவில்லை. எனக்குப் பயம். எவ்வளவு கெட்டிக்கார டொக்டர் என்றாலும், வெட்டித் திறந்த பிறகு இரத்தம் அவர் சொல்வதைக் கேட்குமா? அங்கே ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டுமே. முருகனை விட்டால் எனக்கு அந்த அறைக்குள் வேறு யாரைத் தெரியும்? "பிடிக்கிறன்" என்றேன். கணவர் சாப்பிடாமலே தோட்டத்துக்குப் போனார்.

குளிசையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அதை விடக் கூடாது என்பதில் அம்மாவும் நானும் உறுதியாக இருந்தோம். விட்டால் மாதவிலக்கு வந்துவிடும், வந்தால் துடக்கு, விரதம் முறிந்துவிடும். அம்மாதான் வழி கண்டுபிடித்தார். காலைப் பூசை முடிந்து தரும் தீர்த்தத்தோடு விழுங்கினால் விரதம் முறியாது. ஆகவே மூன்று நேரக் குளிசையையும் இரும்புச்சத்துக் குளிசையையும் ஒரேயடியாகக் காலையில், வெறும் வயிற்றில், ஒரு கை தீர்த்தத்தோடு.

இரும்புக் குளிசை வெறும் வயிற்றில் விழுந்தால் என்ன செய்யும் என்று போட்டவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் வயிறு எரியத் தொடங்கிவிடும். கிணற்றடிக்குப் பின்னால் போய், வாழையைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்துச் சத்தி எடுப்பேன். அடுத்த நாளும் அப்படி. அதற்கு அடுத்த நாளும் அப்படி. "உள்ளை கிடந்த அழுக்கெல்லாம் போகுது, நல்லதுதான்" என்று அம்மா முதுகைத் தடவிவிட்டார். சத்தியோடு குளிசையும் போகிறது என்று இரண்டு பேரில் ஒருத்தருக்காவது உறைத்ததா? இல்லை. விழுங்கினேன், அது போதும் என்ற நினைப்பு. சத்தி எடுத்ததைக் கணவருக்குச் சொல்லவும் இல்லை. சொன்னால் விரதத்தை முறிக்கச் சொல்லுவார்.

சூரன்போர் அன்று பின்னேரம் இணுவில் கந்தசுவாமி கோயில் வீதியில் கால் வைக்க இடமில்லை. பெண்கள் பக்கம் அம்மாவோடு நின்றேன். கால் நடுக்கமாக இருந்தது, விரதக் களைப்பு என்று நினைத்தேன். சூரனைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். பறை முழங்கியது. எல்லாரும் "அரோகரா" என்று கத்திய நேரம், தொடைக்குள்ளால் சூடாக ஒன்று இறங்கியது.

ஒரு கணம் நம்பவில்லை. பிறகு இன்னொன்று. பிறகு நிற்கவே இல்லை. சீலை கால்களில் ஒட்டியது. குனிந்து பார்த்தேன், கால் பெருவிரலில் இரத்தம். "அம்மா" என்றேன்.

அம்மா பார்த்தார். "ஐயோ பிள்ளை, கோயில் வீதியிலை..." என்றுதான் அவர் வாயில் முதலில் வந்தது. பிறகு மணலில் விழுந்ததைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கத்திய கத்தலில் பறைக்காரர்கள் கூடத் திரும்பியிருப்பார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து கணவர் சனத்தை இடித்துக்கொண்டு வந்தார். இடுப்பில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்து என்னைச் சுற்றிக் கட்டி, ஒரு குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார். "வழி விடுங்கோ, வழி விடுங்கோ" என்ற அவருடைய குரல் எனக்கு யாரோ ஒருவருடையது போலக் கேட்டது. ஓட்டோவுக்குள் அவருடைய வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பாய் இருந்ததைப் பார்த்தேன். இவ்வளவும் என்னுடையதா என்று நினைத்தது ஞாபகம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ஊசி. ஒன்றில் சேலைன், ஒன்றில் இரத்தம். குளிரில் பல் கிட்டிக்கொண்டது. டொக்டர் வந்தார்.

"குளிசையை விட்டனீங்களோ?"

"இல்லை டொக்டர். ஒரு நாளும் விடேல்லை. விழுங்கினனான்."

"சாப்பாட்டுக்குப் பிறகோ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாதான் மெல்லச் சொன்னார். "சட்டி விரதம் டொக்டர். தீர்த்தத்தோடை குடுத்தனாங்கள். கொஞ்சம் சத்தி எடுத்தவ."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். கட்டிலின் விளிம்பில் இருந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தப் பைக்காகத்தானே விரதம் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர்."

"அந்தப் பையைத்தான் தூக்கிக் குடுக்கப் பாத்திருக்கிறியள். இரத்தம் ஆறுக்கு வந்திட்டுது. மருந்து ஏத்தியும் கொட்டுறது முழுசா நிக்கேல்லை. இனி நாள் பாத்துக்கொண்டு இருக்கேலாது. நாளைக்கும் இரத்தம் ஏத்திப்போட்டு நாளையிண்டைக்கு வெட்டுவன்."

"பை?"

"பாப்பம். முந்தி உங்களுக்குச் சொன்ன அளவுக்கு இப்ப என்னாலை சொல்லேலாது."

எனக்குப் பின்னால் நின்ற அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அவர் மேல் கோபப்படக் கூட எனக்குப் பலமில்லை. முருகன் மேல் கோபம் வந்தது. இதற்கா உன்னை நம்பினேன் என்று மனதுக்குள் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசிவிட்டுப் பயந்து மன்னிப்பும் கேட்டேன்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் பின்னேரம் கணவர் கட்டிலருகே மர வாங்கில் இருந்தார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெளியிலை வந்து உங்களிட்டைக் கேப்பினம்."

"ம்."

"இல்லையெண்டு சொல்லோணும். இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கோ எண்டு சொல்லோணும். நீங்கள் இல்லையெண்டு நிண்டா அந்த டொக்டர் இன்னும் கொஞ்ச நேரம் பாப்பா. எனக்குத் தெரியும்."

"உம்மடை உயிருக்கு ஏதும் வந்தா?"

"எனக்கு ஒண்டும் வராது."

"அப்ப ஏன் என்னட்டைக் கேக்கிறீர்?"

அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே அவருடைய கையை இழுத்து என் தலையில் வைத்தேன். தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை எங்கள் பக்கத்தில் யாரும் விளையாட்டாக எடுக்கமாட்டார்கள். "சத்தியம் பண்ணுங்கோ. அம்மாவுக்கு முன்னாலை பண்ணுங்கோ." அவர் கை கனத்தது. நகத்துக்குள் செம்மண். எடுக்கப் பார்த்தார், நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசியில், "சரி. சத்தியம்" என்றார்.

அடுத்த நாள் காலை தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சை உடுப்பு, தொப்பி, கண்ணுக்குக் குத்தும் வெளிச்சம். முகமூடிக்கு மேலே டொக்டரின் கண்ணாடியை அடையாளம் கண்டேன். "கட்டியை எடுங்கோ டொக்டர், பையை விடுங்கோ" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். மூக்குக்கு மேல் எதையோ வைத்தார்கள்.

கண் விழித்தபோது வயிற்றில் நெருப்பு. கை முதலில் அங்கேதான் போனது. தடித்த துணிக்கட்டு. அதற்குக் கீழே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கையால் எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒரு நேர்ஸ் நின்றார்.

"மிஸ், இருக்கோ?"

"என்னம்மா?"

"இருக்கோ? எடுத்தாச்சோ?"

"டொக்டர் வந்து சொல்லுவா. நீங்கள் கதையாதேங்கோ."

இருந்திருந்தால் இருக்கிறது என்று சொல்வதற்கு என்ன? இல்லாதபடியால்தான் டொக்டரைச் சாட்டுகிறார். வாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா வந்தார், அழுதுகொண்டிருந்தார். "என்னம்மா, சொல்லுங்கோ" என்றேன். "எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை, என்னை உள்ளுக்கு விடேல்லை, அவரைத்தான் கூப்பிட்டுக் கதைச்சவை" என்றார். அவரைத்தான் கூப்பிட்டார்கள். அப்படியானால் கேட்டிருக்கிறார்கள்.

கணவர் கட்டிலின் கால்பக்கத்தில் நின்றார். நான் பார்க்கிறேன், அவர் போர்வையின் ஓரத்தைப் பார்க்கிறார். "என்ன நடந்தது?" என்றேன். "டொக்டர் வரட்டும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வயிற்றுக்குள் ஒரு வெறும் இடம் இருப்பது போலவே தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்தது. அழுகை வரவில்லை. இனி அழுது என்ன?

டொக்டர் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திறவுங்கோ. பை இருக்கு."

திறக்கவில்லை. திரும்பக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"இருக்கு அம்மா. ஐஞ்சு கட்டி எடுத்தனான். பெரிசை எடுக்கேக்கை இரத்தம் கண்டபாட்டுக்குப் போச்சு, பை போயிட்டுது எண்டுதான் நினைச்சனான். வெளியிலை வந்து உங்கடை மனுசனிட்டைச் சொன்னன், அவரும் எடுங்கோ எண்டிட்டார். நான் திரும்பி உள்ளை போக, உதவி டொக்டர் அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்ட இடத்திலை இரத்தம் குறைஞ்சிட்டுது. தைச்சுப்போட்டன்." என் கையைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சந்தோசத்தில் கத்தியிருக்க வேண்டும். அம்மா கத்தினார். "முருகா, முருகா" என்று என் காலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு வசனம்தான் காதில் நின்றது.

"எடுங்கோ எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம்."

"என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினனீங்கள்."

"ஓம். பண்ணினனான்."

"பேந்து ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "அவ வெளியிலை வந்து கேக்கேக்கை, அவவின்ரை செருப்பிலை உம்மடை இரத்தம் இருந்தது. நடந்து வந்த இடமெல்லாம் அடையாளம். நான் அதைத்தான் பாத்தனான். சத்தியம் ஒண்டும் எனக்கு ஞாபகம் வரேல்லை."

தையல் இழுத்துக்கொண்டு வலித்தது. இல்லாவிட்டால் எழும்பிச் சண்டை பிடித்திருப்பேன். "போங்கோ வெளியிலை" என்றேன். போனார். ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுக்கவும் வீட்டுக்கு வந்த பிறகும் அவரோடு நான் கதைக்கவில்லை. சோறு கரைத்துக்கொண்டு வந்து வைப்பார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். அவர் போன பிறகு குடிப்பேன். என் பை என்னோடு இருக்கிறது, அதை விட்டுக்கொடுத்த மனிதனும் என்னோடு இருக்கிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் அவர் மேல் கோபம். "தலையிலை அடிச்ச சத்தியத்தை முறிக்கிற ஆம்பிளை" என்று குசினிக்குள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

தையல் ஆறிய பிறகு மூவரும் கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் வயிற்றைப் பார்த்துவிட்டு நல்லாக ஆறியிருக்கிறது என்றார். "ஒரு வருசம் பொறுங்கோ. பிறகு முயற்சி செய்யுங்கோ. தங்கினா உடனை என்னட்டை வரோணும். வலி வரப் பாத்துக்கொண்டு இருக்கேலாது, வெட்டித்தான் எடுக்கோணும். தைச்ச இடம் இருக்கிறபடியா அப்பவும் இரத்தம் கூடப் போகலாம். அப்ப திரும்பவும் இதே கேள்வி வரலாம். இப்பவே சொல்லி வைக்கிறன்."

வெளியே வந்து, மருந்து எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தோம். நான் நடுவில், அம்மா ஒரு பக்கம், கணவர் மற்றப் பக்கம். பிறகு நான்தான் கேட்டேன். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"திரும்பக் கேட்டா என்ன சொல்லுவியள்?"

"எடுங்கோ எண்டுதான் சொல்லுவன்" என்றார். யோசிக்கவே இல்லை. "நீர் என்னோடை கதைக்காட்டியும் சரி."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "அடுத்தமுறை நான் தியேட்டர் வாசல்லை நிக்கிறன் பிள்ளை. என்ன நடந்தாலும் நான் இல்லையெண்டுதான் சொல்லுவன். உன்ரை சொல்லை நான் காப்பாத்துவன்."

நான் கேட்டது அதைத்தான். அழுது, தலையில் கை வைத்துக் கேட்டது அதே வார்த்தையைத்தான். அதை அம்மாவின் வாயில் கேட்டபோது எனக்கு முதுகெல்லாம் குளிர்ந்துவிட்டது. அந்த வாசலை நினைத்துப் பார்த்தேன். டொக்டர் வெளியே வருகிறார். அம்மா இல்லை என்கிறார். கதவு திரும்ப மூடுகிறது. உள்ளே நான் கிடக்கிறேன்.

அம்மாவின் கையை நான் விடவில்லை.

"நீங்கள் வீட்டை நில்லுங்கோ அம்மா" என்றேன். "வாசல்லை அவர் நிக்கட்டும்."